கித்தாவுக்கு அடிக்குறிப்பு எதற்கு?

நம்ம ஊர் தமிழ் விழா மேடைகளில் தவறாமல் வாசிக்கப்படும் ஒரு பட்டியல் உண்டு. கப்பல் மலாயில் 'காப்பல்' ஆனது, கடை 'கெடாய்' ஆனது, கட்டில் 'காத்தில்', பெட்டி 'பெத்தி', சுருட்டு 'செருத்து'. ஒவ்வொரு சொல்லுக்கும் கைதட்டல் விழும். பட்டியல் பெரும்பாலும் சரிதான். எனக்கு அதில் சண்டை இல்லை.

ஆனா அந்தச் சொற்கள் போன இடத்தில் என்ன ஆனது என்று யாரும் பார்ப்பதில்லை. நம்ம மாப்பிள்ளை அங்கே 'மெம்பெலாய்' ஆனார். மலாயில் அந்தச் சொல் மணமகளுக்கும் பொருந்தும். 'மெம்பெலாய் பெரெம்புவான்' என்றால் கல்யாணப் பெண். நம்ம முதல் 'மோடல்' ஆகி இன்றைக்கும் வியாபாரத்தில் புழங்குகிறது. நம்ம செய்தித்தாள்களோ 'மூலதனம்' என்று வடமொழிக்குப் போய்விட்டன (முதலாளியிலும் முதலீட்டிலும் பழைய சொல் ஒளிந்திருக்கிறது என்பது வேற விஷயம்). கிடங்கின் கதை இன்னும் வேடிக்கை. அது மலாயில் 'குடாங்', அங்கிருந்து ஆங்கிலத்தில் 'கோடவுன்', அப்புறம் 'குடோன்' என்று தமிழுக்கே திரும்பி வந்தது. மூலம் தமிழா தெலுங்கா என்பதில் ஆய்வாளர்களிடையே இழுபறி உண்டு. எதுவானாலும், கொடுத்தவன் யார், வாங்கியவன் யார் என்று இந்தச் சொல்லை வைத்துக் கணக்கு முடிக்க முடியாது.

அதே மேடையில் அடுத்து எழும் பேச்சாளர், இளைஞர்கள் மலாயைக் கலந்து தமிழைக் கெடுக்கிறார்கள் என்று வருத்தப்படுவார். போனது பெருமை, வந்தது கேடு. இந்த இரட்டைக் கணக்கு நம்ம புனைகதைக்குள்ளும் புகுந்து உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் என் குறை.

தோட்டத்தைப் பற்றிய கதைகளை எடுத்துப் பாருங்கள். கதாபாத்திரம் வாய் திறந்தால் 'கித்தா', 'தவுக்கே', 'பாசார்' எல்லாம் வரும். ஆனா ஒற்றை மேற்கோளுக்குள், ஒரு நட்சத்திரக் குறியோடு, பக்கத்தின் அடியில் விளக்கத்தோடு. அதே பக்கத்தில் ஜன்னல், சாவி, அலமாரி, துவாலை எல்லாம் மேற்கோள் இல்லாமல் நடமாடும். நாலும் போர்ச்சுகீசியம். இதில் ஜன்னலும் துவாலையும் மலாய்க்காரர் வீட்டிலும் 'ஜெண்டெலா', 'துவாலா' என்று இருக்கின்றன. ஒரே ஊர்ச் சரக்கு ரெண்டு வீட்டுக்கும் வந்தது. இவற்றுக்கு அடிக்குறிப்பு போட யாருக்கும் தோன்றாது. தமிழ்நாட்டு வாசகருக்குத் தெரிந்த கடன் தமிழாகிவிடுகிறது, தெரியாத கடன் அந்நியமாகவே நிற்கிறது.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. உரையாடலில் 'கித்தா' என்று எழுதிவிட்டு, கதைசொல்லி தன் குரலில் பேசும்போது 'ரப்பர்' என்று மாற்றிக்கொள்கிறார். மலாய்க் கடனை எடுத்துவிட்டு ஆங்கிலக் கடனை வைப்பது எப்படித் தூய்மையாகும்? 'பால்மரம்' என்று எழுதினால்கூட ஒத்துக்கொள்ளலாம், அதுவும் தோட்டத்து மக்கள் வாயில் இருந்த சொல்தான். ரப்பர் என்பது கிராணியும் துரையும் ஏட்டில் எழுதிய சொல். கதைசொல்லி எந்தப் பக்கம் நின்று பார்க்கிறார் என்பதை இந்த ஒரு சொல் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

கித்தா சாதாரணச் சொல் இல்லை. மலாயில் 'கெத்தா' என்றால் மரத்தில் வடியும் பால், பிசின். ரப்பர் மரம் இந்த மண்ணுக்கு வருவதற்கு முன்பே, காட்டு மரம் ஒன்றிலிருந்து எடுத்த 'கெத்தா பெர்ச்சா'வை ஆங்கிலேயர்கள் சொல்லோடு சேர்த்து வாங்கிப் போய்விட்டார்கள். 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே போட்ட கடலடித் தந்திக் கம்பிக்கு உறை அந்தப் பிசின்தான். பொறியியல் படித்த எனக்கு இதில் கொஞ்சம் கூடுதல் சந்தோஷம். 1877இல் பிரேசில் மரத்தின் 22 கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு வந்தன. புது மரத்தின் பாலுக்கும் மலாய்க்காரர்கள் பழைய பெயரையே வைத்தார்கள். அந்தச் சொல்லைத்தான் கப்பலேறி வந்த நம்ம ஆளுங்க எடுத்துக்கொண்டு கித்தா காடு, கித்தா மரம், கித்தா கொட்டை என்று தமிழ் இலக்கணத்துக்குள் கொண்டுவந்தார்கள். எங்க பாட்டி கடைசி வரைக்கும் 'ரப்பர்' என்று சொல்லிக் கேட்டதில்லை. இவ்வளவு சரித்திரத்தையும் 'கித்தா: ரப்பர்' என்று ஒரு வரி அடிக்குறிப்பு அழித்துவிடுகிறது.

வெளியூர் வாசகருக்குப் புரியாதே என்பார்கள். கரிசல் வட்டாரச் சொல் நமக்கு மட்டும் பிறவியிலேயே புரிந்ததா? கி. ராஜநாராயணன் தன் மண்ணின் சொற்களுக்குத் தனி அகராதியே தொகுத்தார்; அதை அகராதியாக வைத்தார், கதைக்குள் மன்னிப்புக் கேட்கவில்லை. தோட்டத்து மொழியை விடாமல் எழுதிய சீ. முத்துசாமிக்கு 2017இல் விஷ்ணுபுரம் விருது கொடுத்ததும் தமிழ்நாட்டு வாசகர்கள்தான்.

இதற்காக எல்லா மலாய்ச் சொல்லையும் அள்ளிக் கொட்டச் சொல்லவில்லை. வட்டார மணத்துக்காக வரிக்கு ரெண்டு 'ஆலாமாக்' தூவும் கதைகளும் வருகின்றன. அவை சுற்றுலாத் துண்டறிக்கை மாதிரி இருக்கின்றன. சொல்லுக்குப் பின்னால் ஒரு வேலையோ வீடோ வயிறோ இருக்க வேண்டும். என் வயசுக்காரர்கள் எழுதும் கதைகளில் கித்தா ஏறக்குறைய இல்லை. 'தாப்பாவ்' இருக்கிறது. சீனர் கடையில் கற்று, மாமாக் கடையில் பழகி, அம்மாவிடம் 'எனக்கு தாப்பாவ் பண்ணிட்டு வா' என்று போனில் சொல்கிற சொல். போன மாதம் வாசித்த ஒரு கதையில் அதற்கு நட்சத்திரம் போட்டிருந்தது. கீழே 'பார்சல்' என்று விளக்கம்.