சோழமண்டலப் பூத்துணிகளும் ‘வாழ்வின் மரம்’ என்னும் வாசிப்பும்

சிண்ட்ஸ் என்பது பருத்தித் துணியில் கையால் எழுதியோ அச்சுக்கட்டையால் ஒற்றியோ செய்யப்பட்ட, சாயம் போகாத பூவேலைத் துணி. தெளிப்பு, புள்ளி எனப் பொருள்படும் வட இந்தியச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் மசூலிப்பட்டினம் முதலிய சோழமண்டலக் கரைத் துறைமுகங்கள் வழியாக இத்துணிகள் தென்கிழக்காசியா, ஜப்பான், ஐரோப்பா ஆகிய பகுதிகளுக்குச் சென்றன.

குறியீடு

ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்ட பெரிய விரிப்புகளில் ஒரு வடிவம் திரும்பத் திரும்ப வருகிறது. பாறைக்குன்று ஒன்றிலிருந்து வளைந்து எழும் மரம். அதன் கிளைகளில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பலவகைப் பூக்கள். அருங்காட்சியகங்கள் இதை ‘வாழ்வின் மரம்’ என்கின்றன. கற்பகத்தருவின் தொன்மையான உருவமாக இதை வாசிப்பவர்களும் உண்டு.

இந்த வாசிப்புக்கு ஆதாரம் வலுவாக இல்லை. 1643-ல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் இயக்குநர்கள் சூரத்துக்கு எழுதிய கடிதத்தில், சிவப்புத் தளம் கொண்ட விரிப்புகள் எல்லோருக்கும் பிடிக்கவில்லை என்றும், வெள்ளைத் தளத்தில் பூவும் கிளையும் வேண்டும் என்றும் கேட்டனர். பின்னர் ஐரோப்பாவிலிருந்து மாதிரிகளும் வந்தன. மரத்தில் பாரசீகக் கொடிவளைவும், சீன ஓவியப் பாறையும், ஆங்கிலேயப் பூத்தையலின் சாயலும் கலந்துள்ளன. ஜான் இர்வினும் கேத்தரின் பிரெட்டும் 1970-ல் வெளியிட்ட நூல் இக்கலப்பை விரிவாகக் காட்டியது. சந்தைக்காக உருவான வடிவத்தின்மேல் பழைய நம்பிக்கை ஒன்று பின்னர் ஏற்றப்பட்டது என்பதே பொருத்தமான முடிவு.

கைத்திறன்

அதனால் இத்துணியை எழுதியவர்கள் வெறும் நகலெடுப்பவர்கள் என்றாகாது. மாதிரி வெளியிலிருந்து வந்தது. அதைத் துணியில் நிலைக்கச் செய்யும் அறிவு இங்கிருந்தது. துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து, இரும்புக் கரைசலால் கருப்புக் கோடுகளையும் படிகாரக் கரைசலால் சிவப்புக்குரிய இடங்களையும் எழுதினர். சாயவேரில் கொதிக்கவைத்தபோது படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவந்தது. நீலம் ஏறக்கூடாத இடங்களை மெழுகால் மூடி அவுரிச் சாயத்தில் தோய்த்தனர். நீலத்தின்மேல் மஞ்சள் பூசிப் பச்சை பெற்றனர். மஞ்சள் விரைவில் மங்குவது; பழைய விரிப்புகளில் இலைகள் நீலமாகத் தெரிவதற்குக் காரணம் இதுவே. அதிலும் குறியீடு தேடுவது பிழை. இந்த முறையை அறிய ஐரோப்பியர் முயன்றனர். ஏசு சபைப் பாதிரியார் கேர்தூ, மதம் மாறிய சாயத் தொழிலாளர்களிடம் கேட்டறிந்து 1742-ல் கடிதமாக எழுதினார்.

அச்சமும் மறதியும்

பூத்துணி அரசுகளையும் அஞ்சவைத்தது. பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை அதைத் தடைசெய்தது. லண்டனில் 1719-ல் பட்டு நெசவாளர்கள் அதை உடுத்திய பெண்களைத் தெருவில் தாக்கினர். இங்கிலாந்து 1721-ல் இயற்றிய தடைச்சட்டம் 1774-ல்தான் நீங்கியது. பிறகு ஐரோப்பிய ஆலைகள் அதே பூக்களை இயந்திரத்தில் அச்சிட்டுக் குவித்தன. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் சிண்ட்ஸ் என்ற சொல்லிலிருந்தே மலிவான, பகட்டான என்னும் பொருள்தரும் அடைமொழி பிறந்தது.

‘வாழ்வின் மரம்’ என்னும் பெயரின் குறை இங்குதான் உள்ளது. அது துணியைக் காலமற்ற நம்பிக்கையாக்கி, உழைப்பையும் வணிகத்தையும் மறைக்கிறது. அருங்காட்சியகக் குறிப்புகளில் மரத்துக்குப் பெயர் இருக்கிறது. அதை எழுதியவர்களுக்குப் பெரும்பாலும் இல்லை.