நெட்வொர்க் கார்டு டியூனிங் கட்டுரைகள்: எண் இருக்கு, கேள்வி எங்கே?

"சர்வர்ல 10 ஜிபிபிஎஸ் கார்டு போட்டிருக்கோம், 3-க்கு மேல ஏற மாட்டேங்குது" என்று தேடினால் வந்து விழும் கட்டுரைகளுக்கு ஒரு அச்சு உண்டு. லினக்ஸின் டிஃபால்ட் மதிப்புகள் பழைய காலத்துக்கானவை என்று முதல் பத்தி சொல்லும். அடுத்து சிஸ்சிடிஎல் கோப்பில் ஒட்டவேண்டிய பதினைந்து இருபது வரிகள். பிறகு ரிங் பஃபரை 4096 ஆக்கு என்று ஒரு கட்டளை. கடைசியில் "இப்ப உங்க சர்வர் பறக்கும்". இந்த வகைக் கட்டுரைகளைக் கொஞ்ச நாளாக ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் படித்துக் கொண்டிருக்கிறேன். பாதிக்கு மேல் ஒரே வரிகள், ஒரே வரிசை, சிலவற்றில் ஒரே எழுத்துப் பிழைகூட.

என் புகார் அவை காப்பி என்பது இல்லை. டெக்னிக்கல் எழுத்தில் காப்பி அடிப்பது பெரிய பாவமும் கிடையாது. பாக்கெட் எந்த இடத்தில் தொலைகிறது என்று ஒரு தடவைகூட கேட்காமலே இவை மருந்து எழுதிக் கொடுக்கின்றன. அதுதான் புகார்.

இத்தனைக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மெஷின் தயாராகவே இருக்கிறது. வயரிலிருந்து வரும் பாக்கெட்டை கார்டு வாங்கி, பிசிஐ வழியாக மெமரியில் உள்ள ரிங் பஃபரில் வைக்கும். ஒரு இன்டரப்ட் போகும். கெர்னல் வந்து ரிங்கைக் காலி செய்யும். டிசிபி அடுக்கு தாண்டி சாக்கெட் பஃபருக்குப் போகும். அங்கிருந்து அப்ளிகேஷன் எடுத்துக்கொள்ளும். ஏறக்குறைய ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கவுன்டர் ஓடுகிறது. கேபிள் சரியில்லை என்றால் சிஆர்சி பிழை ஏறும். ரிங் நிரம்பினால் ஈத்டூல் காட்டும் புள்ளிவிவரத்தில் மிஸ்டு அல்லது நோ-பஃபர் என்ற பெயரில் ஏறும் (பெயர் டிரைவருக்கு டிரைவர் மாறும்). கெர்னலுக்கு நேரம் போதவில்லை என்றால் ப்ராக் கோப்புறையில் இருக்கும் சாஃப்ட்நெட் ஸ்டாட் கோப்பின் மூன்றாவது பத்தி ஏறும். அப்ளிகேஷன் மந்தம் என்றால் நெட்ஸ்டாட் புள்ளிவிவரத்தில் சாக்கெட் பஃபர் பிழையாகவோ, லிஸன் க்யூ நிரம்பியதாகவோ தெரியும்.

முதல் வரியில் சொன்ன 3 ஜிபிபிஎஸ் கதையையே எடுங்கள். இரண்டாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸில் ஒரு லேனுக்குக் கிடைப்பது 4 ஜிபிபிஎஸ். அதில் நெறிமுறைச் செலவு போக மூன்றரைக்குப் பக்கத்தில் நிற்கும். பார்க்க நீளமாக இருக்கும் ஸ்லாட், உள்ளே ஒரு லேனுக்கு மட்டும் வயர் போட்டதாக இருக்கலாம். எல்எஸ்பிசிஐ கட்டளையில் கார்டின் திறன் ஒரு வரியிலும், இப்போது கிடைத்திருக்கும் இணைப்பு இன்னொரு வரியிலும் வரும். இரண்டையும் ஒப்பிட ஒரு நிமிஷம் போதும். பிரச்சனை இதுதான் என்றால் இருபது வரி சிஸ்சிடிஎல் ஒட்டி ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. நான் படித்த கட்டுரைகளில் பெரும்பாலானவை இதைத் தொடவே இல்லை.

அடுத்து 4096. 10 ஜிபிபிஎஸ் வயரில் மிகச் சிறிய ஃப்ரேம்கள் மட்டுமே வந்தால் 67 நானோ செகண்டுக்கு ஒன்று. 1500 பைட் பாக்கெட் என்றால் சுமார் 1.23 மைக்ரோ செகண்டுக்கு ஒன்று. 256 இடம் உள்ள ரிங் பெரிய பாக்கெட்டில் நிரம்ப 315 மைக்ரோ செகண்ட், 4096 என்றால் சுமார் 5 மில்லி செகண்ட். அதாவது நாம் வாங்குவது 5 மில்லி செகண்ட் அவகாசம். சிபியு அவ்வப்போது தாமதமாக எழுந்து வருகிறது, திடீர் திடீரென்று பாக்கெட் குவிகிறது என்றால் இந்த அவகாசம் தங்கம். ஆனால் எல்லா இன்டரப்டும் ஒரே கோர் மேல் விழுந்து அது நூறு சதவீதத்தில் நிற்கிறது என்றால்? 5 மில்லி செகண்ட் கழித்து அதே பாக்கெட்டுகள் தொலையும். நடுவில் எல்லாப் பாக்கெட்டும் கூடுதலாகக் காத்திருக்கும். அங்கே செய்யவேண்டியது ஆர்எஸ்எஸ் வழியாகச் சுமையைப் பல கோர்களுக்குப் பிரிப்பது. அதுவும் ஒரே ஒரு பெரிய இணைப்பு என்றால் உதவாது, ஏனென்றால் ஒரு இணைப்பின் பாக்கெட்டுகள் எல்லாம் ஹாஷ் கணக்கில் ஒரே க்யூவுக்குத்தான் போகும்.

இந்தக் கட்டளை பல நேரம் "வேலை செஞ்ச மாதிரி" தெரிவதற்கும் ஒரு காரணம் உண்டு. ரிங் அளவை மாற்றினால் பல டிரைவர்கள் இன்டர்ஃபேஸை இறக்கி ஏற்றுகின்றன. இணைப்புகள் அறுந்து மறுபடி வருகின்றன, கொஞ்ச நேரம் எல்லாம் சீராக இருக்கிறது. "சரியாயிடுச்சு" என்று எழுதியவர் அடுத்த நாள் அதே கிராஃபைப் பார்த்தாரா என்பது கட்டுரையில் இருக்காது.

எதுவும் செய்யாத வரிகளும் இருக்கின்றன. நெட்டெவ் மேக்ஸ் பேக்லாக் என்ற அளவை 1000-லிருந்து 2,50,000 ஆக்கச் சொல்வார்கள். அந்த க்யூ, ஆர்பிஎஸ் மாதிரி மென்பொருள் வழியே சுமை பிரிக்கும்போதும், வெர்ச்சுவல் இன்டர்ஃபேஸ்களிலும் பயன்படுகிறது. ஆர்பிஎஸ் போடாத சாதாரண சர்வரில், இன்றைய டிரைவர்கள் வழி வரும் பாக்கெட் அந்தப் பக்கமே போவதில்லை. வரி பாட்டுக்கு வரி இருக்கும், அவ்வளவுதான்.

அதைவிட மோசம் டிசிபி மெம். சாக்கெட் பஃபர் அளவுகளைப் பைட்டில் கொடுக்கவேண்டும். டிசிபி மெம்மை மட்டும் பேஜ் கணக்கில் கொடுக்கவேண்டும், ஒரு பேஜ் 4096 பைட். கட்டுரைகள் இரண்டுக்கும் ஒரே 16777216-ஐப் போடுகின்றன. பெருக்கிப் பாருங்கள்: 64 ஜிபி. 16 ஜிபி மெமரி உள்ள சர்வரில் டிசிபிக்கு 64 ஜிபி வரை உச்சவரம்பு! கெர்னல் பூட் ஆகும்போது மெமரியைப் பார்த்துத் தானே போட்டுக்கொண்ட பாதுகாப்பு வேலியை நாமே பிடுங்கிப் போடுகிறோம். சுமை வரும்வரை ஒன்றும் தெரியாது.

இவை சர்வர்காரரின் தலைவலி என்று விட்டுவிடலாம். டிசிபி டிடபிள்யூ ரீசைக்கிள் கதை அப்படி இல்லை. முடிந்த இணைப்பை லினக்ஸ் 60 விநாடி டைம்-வெயிட் நிலையில் வைத்திருக்கும். பிஸியான சர்வரில் பட்டியல் எடுத்தால் ஆயிரக்கணக்கில் தெரியும், பார்க்கப் பயமாக இருக்கும். ஒவ்வொன்றும் பிடிக்கும் மெமரி மிகக் கொஞ்சம்தான். பயத்துக்கு மருந்தாகக் கட்டுரைகள் ரீசைக்கிளை 1 ஆக்கச் சொல்லின. அப்படிச் செய்தால் ஒவ்வொரு ஐபி முகவரியிலிருந்தும் கடைசியாக வந்த டைம்ஸ்டாம்பை கெர்னல் நினைவில் வைக்கும். அடுத்த ஒரு நிமிஷத்துக்குள் அதே முகவரியிலிருந்து அதைவிடப் பழைய டைம்ஸ்டாம்போடு புது இணைப்பு கேட்டால், பதில் சொல்லாமல் கீழே போட்டுவிடும்.

ஒரு ஐபிக்குப் பின்னால் ஒரே மெஷின் என்றால் சரி. ஒரு ஹாஸ்டல், ஒரு ஆபீஸ், ஒரு மொபைல் நெட்வொர்க் என்று பல பேர் நாட் வழியாக ஒரே முகவரியைப் பகிர்ந்தால்? ஒவ்வொரு மெஷினின் டைம்ஸ்டாம்பும் வேறு. ஒருவருக்கு சைட் திறக்கும், பக்கத்து நாற்காலிக்காரருக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்ளிகேஷன் லாகில் எதுவும் வராது, நெட்ஸ்டாட்டின் மூலையில் ஒரு எண் மட்டும் ஏறும். ஒரே மெஷினிலிருந்து எடுக்கும் பெஞ்ச்மார்க் நன்றாகவே வரும். புகார் சொன்னவருக்கு "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு, உங்க நெட்டைப் பாருங்க" என்ற பதில்தான் கிடைக்கும்.

நிபுணர் ஆலோசனை இல்லாமல் தொடாதே என்று கெர்னல் ஆவணமே சொல்லியிருந்தது. 2014-ல் வின்சென்ட் பெர்னாட் இதன் உள்வேலையை விளக்கி, ஏன் போடக்கூடாது என்று விரிவாக எழுதினார். கடைசியில் 2017-ல் வந்த லினக்ஸ் 4.12-ல் அந்த வசதியையே நீக்கிவிட்டார்கள். அந்த வரி இன்னும் கட்டுரைகளில் இருக்கிறது. புது கெர்னலில் "அப்படி ஒன்று இல்லை" என்ற பிழை வந்தால், அதைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லும் கட்டுரையையும் பார்த்தேன்.

இந்த எண்கள் ஆகாயத்திலிருந்து குதித்தவை இல்லை. பெரிய பஃபர் எண்களுக்கு நியாயமான ஒரு வீடு உண்டு: ஆராய்ச்சி நெட்வொர்க்குகள். அமெரிக்க எரிசக்தித் துறையின் இஎஸ்நெட் இதற்கென்றே நல்ல வழிகாட்டி வைத்திருக்கிறது. கண்டம் தாண்டி 100 மில்லி செகண்ட் தூரத்துக்கு 10 ஜிபிபிஎஸ் அனுப்ப, வழியில் எந்நேரமும் 125 எம்பி இருக்கவேண்டும். அங்கே பெரிய பஃபர் கட்டாயம். அதே டேட்டா சென்டருக்குள் அரை மில்லி செகண்ட் தூரம் என்றால் 625 கேபி போதும். வழிகாட்டி யாருக்கு என்பதை இஎஸ்நெட் சொல்லித்தான் கொடுக்கிறது. காப்பி ஆகும்போது எண் மட்டும் வருகிறது, அந்த "யாருக்கு" உதிர்ந்துவிடுகிறது.

இந்தக் கட்டுரைகள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் திணறும்போது யாருக்கும் பாடம் வேண்டாம், ஏதாவது ஒன்று செய்ய வேண்டும். அந்த அவசரத்துக்கு இவை பதில் சொல்கின்றன. ஆனால் அந்த நேரத்திலும் நான்கு கவுன்டரைப் பார்ப்பது இருபது வரி ஒட்டுவதைவிடச் சீக்கிரம் முடியும். பார்க்கச் சொல்லி யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, அதுதான் குறை.

நல்ல எழுத்துக்கு உதாரணம் இல்லாமலும் இல்லை. கெர்னலோடு வரும் ஸ்கேலிங் ஆவணம், ஆர்எஸ்எஸ், ஆர்பிஎஸ் என்று ஒவ்வொன்றையும் விளக்கி, எப்போது போடலாம், எப்போது தேவையில்லை என்று சேர்த்தே சொல்கிறது. பிரெண்டன் கிரெக் தன் சிஸ்டம்ஸ் பெர்ஃபார்மன்ஸ் புத்தகத்தில், கண்டதை மாற்றிப் பார்ப்பதையே ஒரு தவறான முறையாகப் பெயர் வைத்துப் பட்டியலிடுகிறார். இரண்டும் நீளம். சுருக்கமாகத் தமிழில் எழுத நினைப்பவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு வரிக்கும் மேலே எந்த கவுன்டர் ஏறினால் இதைப் போடணும் என்று எழுதுங்கள். எந்த கெர்னல், எந்த கார்டு, எந்த வருஷம் என்று போடுங்கள். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அந்த கவுன்டர் என்ன காட்டியது என்று கொடுங்கள். எப்படித் திருப்பி எடுப்பது என்றும் ஒரு வரி.

இப்படி எழுதினால் பதினைந்து வரிப் பட்டியல் அநேகமாக இரண்டு மூன்று வரியாகச் சுருங்கிவிடும். படிப்பவர் தன் சர்வரில் அந்த கவுன்டர் பூஜ்யமாக இருப்பதைப் பார்த்து, ஒன்றுமே ஒட்டாமல் பக்கத்தை மூடிவிட்டுப் போகலாம். அதுவும் அந்தக் கட்டுரைக்கு வெற்றிதான்.