சீசனுக்கு மட்டும் வளைந்தால் போதாது

கபடியில் ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. அதற்குள் கார்னரில் நிற்பவர் கணுக்காலைப் பிடித்துவிட்டார் என்று வையுங்கள். பாடிப் போனவர் நெடுக விழுகிறார், ஒரு கை நடுக்கோட்டை நோக்கி நீள்கிறது. விரல் நுனி கோட்டைத் தொட்டால் புள்ளி அவருடைய அணிக்கு, தொடாவிட்டால் அவர் அவுட். தென்காசி வட்டாரத்தில் கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் நடக்கும் கபடிப் போட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி. கோட்டுக்கு இரண்டு விரல் தூரத்தில் கை நின்றுபோனால் "தெம்பு பத்தலை" என்பார்கள். பல நேரம் அந்தப் பையனிடம் தெம்புக்குக் குறைவில்லை. அவனுடைய இடுப்பும் பின்தொடையும் தோளும்தான் அதற்கு மேல் விரிய மறுக்கின்றன.

இந்த ஆட்டம் உடம்பிடம் கேட்பதைக் கொஞ்சம் அளந்து பார்க்கலாம். ஆண்கள் ஆடுகளத்தில் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் கோடு, அதிலிருந்து இன்னும் ஒரு மீட்டர் தள்ளிப் போனஸ் கோடு. போனஸ் எடுக்க ஒரு கால் அந்தக் கோட்டைத் தாண்டித் தரையில் பட வேண்டும், அதே நேரம் மறுகால் தரையை விட்டு எழும்பியிருக்க வேண்டும். டோ டச் இன்னும் கடினம். ஒரு காலில் தாழ்ந்து உட்கார்ந்து, மறுகாலை முழு நீளத்துக்கு வீசி, எதிரியின் பாதத்தைத் தொட்ட மறுகணம் அதே காலைச் சுருட்டி இழுக்க வேண்டும். உள்தொடையும் பின்தொடையும் விறைப்பாக இருப்பவரால் இந்த வீச்சைப் பாதி தூரத்துக்குத்தான் கொண்டுபோக முடியும், அல்லது தசை பிடித்துக்கொண்டு களத்திலேயே உட்கார்ந்துவிடுவார். டுப்கி அடித்து, கைகோத்து நிற்கும் பிடியாட்டக்காரர்களின் சங்கிலிக்கு அடியில் நுழைய வேண்டுமென்றால் கணுக்காலும் முட்டியும் இடுப்பும் ஒன்றாக மடங்க வேண்டும். கணுக்கால் மடங்காதவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அந்த உயரத்துக்குக் குனிய மாட்டார்.

பக்கத்து மாவட்டத்து மணத்தியில் பிறந்த கணேசன் 1994-ல் ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடியவர். இந்தத் தென்மாவட்ட மண்ணில் கபடிக்கு ஆள் பஞ்சம் என்றுமே இருந்ததில்லை. குறை, பயிற்சியில் எதை எப்போது செய்கிறோம் என்பதில் இருக்கிறது.

ஊர் அணிகளைக் கவனித்தால் ஸ்ட்ரெச்சிங் என்பது பெரும்பாலும் விசில் அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பு நடக்கிற சடங்கு. உடம்பு சூடாகும் முன்பே ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, காலை மடக்கி இழுத்து நிற்கிறார்கள். அந்த நேரம் அதற்கு உகந்ததல்ல. ஒரு தசையை 60 விநாடிக்கு மேல் அசையாமல் இழுத்துப் பிடித்துவிட்டு உடனே ஓடவோ தாவவோ சொன்னால், வலுவும் வேகமும் சற்று நேரத்துக்குக் குறைகின்றன என்பது விளையாட்டு அறிவியலில் பலமுறை உறுதியான முடிவு. காயத்தைத் தடுக்குமா என்றால், அதற்கும் பதில் ஆறுதலாக இல்லை. 2000-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில் ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினரை மட்டும் பயிற்சிக்கு முன் ஸ்ட்ரெச்சிங் செய்யவைத்தார்கள். காயங்களில் குறிப்பிடும்படியான வித்தியாசம் தெரியவில்லை. கால்பந்தில் காயங்களைக் குறைத்துக் காட்டிய ஃபிஃபா 11+ என்ற 20 நிமிடத் தயாரிப்பு முறையில் மெல்லோட்டம், வலுப்பயிற்சி, சமநிலை, தாவல் ஆகியவைதான் நிறைந்திருக்கின்றன. ஆட்டத்துக்கு முன் கபடிக்காரர்களுக்கும் அதே வழிதான் நல்லது: ஓடுங்கள், காலை வீசுங்கள், குந்தி எழுங்கள்.

அப்படியானால் ஸ்ட்ரெச்சிங்கை விட்டுவிடலாமா? கூடாது. அதை ஆட்ட நேரத்திலிருந்து எடுத்து அன்றாட வாழ்க்கைக்குள் வைக்க வேண்டும். 1994-ல் பேண்டி, இரியன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பின்தொடை இறுகியவர்களை வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரம் பயிற்சி செய்யவைத்தார்கள். சிலருக்கு 15 விநாடி, சிலருக்கு 30, சிலருக்கு 60. பதினைந்து விநாடிக்காரர்களைவிட முப்பது விநாடிக்காரர்களுக்குத் தெளிவான பலன் கிடைத்தது. அறுபதுக்கு நீட்டியவர்கள் அதைவிடக் கூடுதலாக எதையும் பெறவில்லை. ஒரு ரெய்டுக்குச் செலவிடும் அதே அரை நிமிடம்தான், ஆனால் வாரம் தவறாமல் வர வேண்டும். தொடக்க வாரங்களில் தசையின் நீளம் பெரிதாக மாறுவதில்லை. இதுவரை "போதும், நிறுத்து" என்று இழுத்துப் பிடித்த நரம்பு மண்டலம் அந்த நீட்சிக்குப் பழகி, இன்னும் கொஞ்சம் அனுமதிக்கிறது. பயிற்சியை விட்டால் சில வாரங்களில் அந்த அனுமதி சுருங்கத் தொடங்குகிறது.

விட்டால் போய்விடும் இந்த இளக்கத்தைத் தென்காசியை அடுத்த குற்றாலத்தில் கண்ணெதிரே பார்க்கலாம். ஜூனில் சாரல் விழுந்து சீசன் தொடங்கிவிட்டால் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் வேன் பிடித்து வருகிறார்கள். எண்ணெய் மசாஜ் செய்பவரிடம் உடம்பைக் கொடுக்கிறார்கள். அவர் தேய்த்து, கை காலை இழுத்து, முதுகில் சொடக்கு எடுத்து அனுப்புகிறார். பிறகு அருவிக்கடியில் போய்த் தோளையும் பிடரியையும் காட்டினால், ஒரு வருடச் சுமை இறங்கிவிட்டது போல இருக்கும். அந்தச் சுகம் பொய்யில்லை. குளிர்ந்த நீரில் அமிழ்ந்திருப்பது ஆட்டத்துக்குப் பிந்தைய தசைவலியை ஓரளவு தணிக்கிறது என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. ஸ்ட்ரெச்சிங் அந்த வலியைச் சொல்லிக்கொள்ளும்படி குறைப்பதில்லை என்று 2011-ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு கூறுகிறது. ஆகவே ஆடிக் களைத்த கால்களுக்கு அருவி வேண்டும் என்று கேட்பவரை நான் மறுக்க மாட்டேன். ஆனால் வேறொருவர் கை இழுத்துக் கொடுத்த இளக்கம் வீடு திரும்பிய சில நாளில் போய்விடுகிறது. சீசன் முடிந்தால் அருவியில் பாறை தெரிவதைப் போலத்தான் உடம்பும் பழையபடி இறுகுகிறது.

அன்றாடம் செய்பவரின் உடம்பு எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டில் கண்கண்ட சான்று கோவை நானம்மாள். 2018-ல் பத்மஸ்ரீ பெற்ற இந்த யோகா ஆசிரியை 90 வயதைத் தாண்டியும் மேடையில் ஆசனங்கள் செய்து காட்டினார், 2019 அக்டோபரில் 99 வயதில் மறைந்தார். ஒரே ஒருவரின் வாழ்க்கையை வைத்து அறிவியல் விதி எழுத முடியாதுதான். ஆனாலும் முதுமை வந்தால் உடம்பு விறைத்தே தீரும் என்று முடிவு கட்டியவர்களுக்கு அவரைவிட நல்ல பதில் கிடையாது. குற்றாலத்துக்கே சொந்தமான இலக்கியத்திலும் ஒரு விளையாட்டுக்காரி இருக்கிறாள். திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தடிக்கும் பகுதியைப் படித்தவர்கள், அவள் உடம்பு முழுவதும் ஆட்டத்தில் சேர்ந்து அசைவதைக் கவிஞர் எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார் என்று அறிவார்கள்.

இன்று அந்த வசந்தவல்லியின் ஊரைச் சுற்றிப் பெண்கள் என்ன செய்கிறார்கள்? கடையம், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் மடியில் தட்டை வைத்துக்கொண்டு, கழுத்தைத் தாழ்த்தி, மணிக்கணக்கில் பீடி சுற்றுகிறார்கள். மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் வந்த பிறகு கணினி முன் அதே குனிந்த கழுத்தோடு உட்காரும் இளைஞர்களும் சேர்ந்திருக்கிறார்கள். விளையாட்டைப் பற்றிய பேச்சில் இவர்களுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். மாவட்ட அணிக்கு வரும் பிள்ளைகள் இந்த வீடுகளிலிருந்துதான் வருகிறார்கள். அம்மா காலையில் ஐந்து நிமிடம் கையை மேலே தூக்கி நீட்டி, நெஞ்சை விரித்து, இடுப்பைத் திருப்பினால் பார்த்து வளரும் பிள்ளைக்குத் தனியாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

செய்யும் முறை எளிது. முதலில் கொஞ்சம் நடந்து உடம்பைச் சூடாக்குங்கள். பின்தொடை, உள்தொடை, கெண்டைக்கால், இடுப்பின் முன்பகுதி, தோள் ஆகிய ஐந்து இடங்கள் போதும். ஒவ்வொன்றையும் 30 விநாடி, இரண்டு முறை. குலுக்கி எம்பாமல், மூச்சை அடக்காமல், இழுவை தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். சுரீரென்று குத்தினாலோ கால் மரத்தாலோ விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

ஊர் அணிப் பயிற்சியாளர்களுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆட்டத்துக்கு முன் பிள்ளைகளை ஓடவிடுங்கள், தாவவிடுங்கள். மாலைப் பயிற்சி முடிந்ததும் அப்படியே வீட்டுக்கு அனுப்பாமல், வியர்வை காயும் முன் பத்து நிமிடம் மைதானத்தில் உட்காரவைத்து இந்த ஐந்தையும் செய்யவையுங்கள். மைதானத்துக்கு வராத நாளில் வீட்டில் செய்யச் சொல்லுங்கள். ஆறு வாரம் விடாமல் செய்தபின் யாருடைய கை எவ்வளவு தூரம் போகிறது என்று நீங்களே அளந்து பாருங்கள்.