பின்குரலின் இசைக்கல்வி: வடசென்னைப் பாடல் மரபுகளை முன்வைத்து

நெய்தல் நிலத் தொழிற்பாடல்களைத் தொகுத்தோர் அம்பாப் பாட்டைப் பெரும்பாலும் வரிகளாகவே அச்சேற்றினர். முதற்குரலின் அடிகள் முழுமையாக இடம்பெறும். பின்குரலின் ‘ஏலேலோ’, ‘ஐலசா’ ஆகியன பொருளற்ற அசைகளாகக் கொள்ளப்பட்டு ஒருமுறை காட்டப்படுவதோடு நின்றுவிடும். பொருள் தேடியோரும் ஏலேலசிங்கன் என்னும் வணிகனின் பெயரோடு அதனை இணைக்கும் வழக்காற்றுக் கதையில் அமைதி கண்டனர். பனுவலை மட்டும் பற்றும் இவ்வணுகுமுறை, இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள கடற்கரையின் இசையை விளக்கப் போதாது.

கரைவலை இழுப்பில் முதற்குரல் பாடும்போது கைகள் கயிற்றில் முன்னகர்ந்து பற்றுகின்றன. பின்குரல் எழும் கணத்தில் அனைவரும் ஒருசேரப் பின்சாய்ந்து இழுக்கின்றனர். மூச்சு வெளியேறுதல், கால் மணலில் ஊன்றுதல், அசை ஒலித்தல் ஆகிய மூன்றும் ஒரே நிகழ்வு. பிந்திப் பாடுபவரின் இழுப்பு வீணாகும். ஆகவே புதிதாகக் கயிறு பற்றும் சிறுவனைத் திருத்துவதற்கு ஆசிரியர் வேண்டியதில்லை; கயிறே திருத்துகிறது. அவன் முதலிற் கற்பது பாடலின் சொற்களையன்று, காலத்தை. சொற்கள் பின்னரே வருகின்றன. முதற்குரலாகும் உரிமை அதற்கும் பின்னர்.

எமில் ஜாக்-டால்குரோஸ் (1865–1950) ஜெனீவாவில் கற்பித்தபோது, ஏட்டில் இசையை அறிந்த மாணவர்கள் அதனைக் காதால் உணராமையைக் கண்டு, நடையும் அசைவும் வழியாகத் தாளம் பயிற்றும் முறையை உருவாக்கினார். கருநாடக இசையில் கையாற் போடப்படும் தாளக் கிரியையும் உடல்வழிக் கல்வியே. எனினும் அது அமர்ந்த உடலின் கல்வி. சிலப்பதிகாரத்தின் அம்மானை, கந்துகம், ஊசல், வள்ளை ஆகிய வரிகளின் வடிவங்கள் அசையும் உடலைச் சார்ந்தவை என்பதை நோக்க, அம்பாப் பாட்டின் உறவு எங்குள்ளது என்பது தெளிவாகும். அம்பாவில் மேலை இசையின் பல்குர லொத்திசை இல்லை; ஒரே மெட்டைப் பல குரல்கள் தத்தம் நிலையிற் பற்றுகின்றன. இராயபுரத்தில் வகுத்தமைத்த நாற்குரல் இசைக்கு இடம் தேவாலயப் பாடகர் குழுவே. இவ்விரண்டையும் ஒன்றெனக் கூறுவது மிகையாகும்.

துறைமுகம் அமையாத சென்னையில், கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே அலைகடந்து சரக்கையும் பயணிகளையும் கரைசேர்த்தன. துடுப்போட்டிகளின் பாட்டை ஐரோப்பியப் பயணிகள் வியப்புடனும் சில வேளை எள்ளலுடனும் குறித்துள்ளனர். துறைமுகம் வந்தபின் அத்தொழில் மறைந்தது. பின்னர் விசைப்படகு வந்தது. இழுக்கும் உடல்கள் குறைந்தபோது பாட்டு மட்டுமன்றி அதனைக் கற்கும் சூழலும் குறைந்தது.

கானா இதற்கு நேர் வாரிசு எனக் கூறச் சான்றில்லை. கற்கும் முறையில் மட்டும் ஒப்புமை உண்டு. இறப்பு வீட்டில் இரவு முழுதும் பாடப்படும் மரணக் கானாவில் சூழ்ந்திருப்போர் கைதட்டியும் கிடைத்ததைத் தட்டியும் எதிர்ப்பாட்டு எடுக்கின்றனர். பாடகர் அக்கூட்டத்திலிருந்தே உருவாகிறார். ஆயினும் கானா ஆய்வுகள் பாடகரையும் வரிகளையுமே பெரிதும் பேசுகின்றன. 2018 ஜனவரியில் சென்னையில் அரங்கேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, இராயபுரத்தைச் சேர்ந்த இசைவாணி உள்ளிட்டோரின் குரல்களைச் சட்டி, பறை, கிதார் ஆகியவற்றோடு இணைத்து, கூட்டுக்குரலை மேடையின் மையத்திற்குக் கொணர்ந்தது. இது குறிப்பிடத்தக்க மாற்றம்.

2017இல் வெளிவந்த ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ வேறுவகை. கபேர் வாசுகியின் பேச்சுத்தமிழ் வரிகளை டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று இராகமாலிகையாகப் பாடினார். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த நிலத்தைப் பரந்த கவனத்திற்குக் கொண்டுசென்றதில் அதன் பங்கு பெரிது. ஆனால் வடிவம் தனிக்குரற் கச்சேரியினுடையதே. எண்ணூர் அங்கே பாடுபொருளாகிறது. பாடும் தரப்பாக இல்லை. மொழியில் நேர்ந்த மீறல் குரலமைப்பில் நேரவில்லை என்பதே இதில் என் கருத்துவேறுபாடு.

கரைவலை இழுத்த தலைமுறை முதுமையடைந்துவிட்டது. அவர்களை அறையில் அமர்த்திப் பாடச்செய்து பதிந்தால் வரிகள் கிடைக்கும். எந்த அசையில் இழுப்பு விழுகிறது என்பது கிடைக்காது. கயிறும் கையிலிருக்க, நால்வராவது உடன்நிற்க, காணொளியாகப் பதிவதே இங்குத் தேவைப்படும் களப்பணி.