தடுமாறும் பியானோ

ஜாஸில் அந்தக் கணத்தில் பிறப்பதுதான் இசை என்பார்கள். கேட்டு மயங்கிய மாணவர், பாடம் பண்ணி வாசிப்பதைக் கொஞ்சம் மட்டமாகவே நினைக்கத் தொடங்கிவிடுகிறார். சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ பதிவை அவர் கேட்க வேண்டும். முக்கியமாக, சாக்ஸபோன் ஓய்ந்து டாமி ஃப்ளனகனின் பியானோ தொடங்கும் இடத்தை.

1959 மே மாதத்தில் பதிவானது அது. உருப்படி சிறியதுதான், 16 பார்கள். ஆனால் அதற்குள் 26 கார்ட்கள், அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டுகள். ஒரு சுற்று சுமார் 13 விநாடியில் முடிந்துவிடுவதால், சராசரியாக அரை விநாடிக்கு ஒரு கார்ட் வந்து போகிறது. போதாக்குறைக்கு ஆதார ஸ்வரமும் பி, ஜி, ஈ-ஃபிளாட் என்று மூன்று இடங்களுக்குத் தாவிக்கொண்டே இருக்கிறது. கற்பனைஸ்வரம் பாடுகிறவரின் சுருதிப்பெட்டியை ஆவர்த்தனத்துக்குள்ளேயே யாரோ மாற்றிக்கொண்டிருந்தால் எப்படியோ, அப்படி.

இதில் கோல்ட்ரேன் பாய்கிற பாய்ச்சல் முதலில் மலைக்க வைக்கும். நாலைந்து முறை கேட்டபின் வேறொன்று காதில் விழும்: ச ரி க ப என்ற நான்கே ஸ்வரங்களின் அடுக்கு. கார்ட் மாறும்போது அதே அடுக்கு புதிய ஆதாரத்துக்கு இடம்பெயர்கிறது. சில இடங்களில் தலைகீழாகிறது. அவை அந்தக் கணத்தில் தோன்றியவை அல்ல, விரல்களில் ஊறிப்போனவை. எந்த அடுக்கை எதோடு கோப்பது, எங்கே மூச்சு விடுவது என்பதில்தான் கணத்தின் கற்பனை வேலை செய்கிறது. சாதகத்தின் அழகைக் கேட்க வேண்டுமென்றால் இதைக் கேட்கலாம்.

பிறகு ஃப்ளனகன். முதலில் ஒற்றை ஸ்வரங்களாகக் கோத்துப் பார்க்கிறார். ஒரு சொற்றொடர் பாதியில் நிற்கிறது, அடுத்தது தாமதித்து எழுகிறது. இடைவெளிகள் கூடுகின்றன. கடைசியில் ஓட்டத்தை விட்டுவிட்டுக் கார்ட்களாகவே வாசித்து முடிக்கிறார். அப்போது அவருக்கு வயது 29. கற்றுக்குட்டி இல்லை, சோனி ராலின்ஸின் ‘சாக்ஸபோன் கொலோசஸ்’ இசைத்தட்டில் 1956லேயே வாசித்தவர். இந்தப் பதிவுக்கு ஒரு மாதம் முன்பு கோல்ட்ரேன் இதே உருப்படியைப் பதிவு செய்தபோது பியானோவில் இருந்த சீடர் வால்டன் சோலோவே எடுக்கவில்லை.

ஃப்ளனகனின் இந்தப் பகுதியைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு இது இசைத்தட்டிலேயே மிக நேர்மையான பகுதி. அடுத்த கார்ட்டை யோசித்துக்கொண்டே இந்தக் கார்ட்டை வாசிக்கும் மனதின் ஓசை வேறு பதிவுகளில் இவ்வளவு துலக்கமாகக் கேட்பது அரிது. தடுமாறினாலும் தாளத்தை அவர் விடவில்லை, கையில் இல்லாத வேகத்தை இருப்பதுபோல் காட்டவுமில்லை.

1982இல், 51 வயதில், கோல்ட்ரேன் நினைவாகப் பதிவு செய்த தொகுப்பில் ஃப்ளனகன் இதே உருப்படியைத் திரும்ப எடுத்தார். ஜார்ஜ் ம்ராஸின் பேஸும் அல் ஃபாஸ்டரின் டிரம்ஸும் துணை. இப்போது சொற்றொடர்கள் கார்ட்களின் எல்லையில் முட்டி நிற்பதில்லை. தாண்டிப் போய்த் தமக்கு வேண்டிய இடத்தில் முடிகின்றன. கோல்ட்ரேனின் சாயலும் இல்லை, அது ஃப்ளனகனின் சொந்த நடை.

ஜாஸ் பயில்கிறவர் வழக்கமாகக் கோல்ட்ரேனின் சோலோவைத்தான் எழுதிவைத்துப் பழகுவார். பழகட்டும். கூடவே ஃப்ளனகனின் இரண்டு சோலோக்களையும் அடுத்தடுத்துக் கேட்கட்டும். கணத்தில் பிறக்கும் இசைக்கு எத்தனை வருடத் தயாரிப்பு வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.