திரும்பி வரும் மூச்சு

குமுளி மலைச்சாலையில் பைக் நின்றுபோனால் உருட்டிக்கொண்டே அடிவாரத்து லோயர்கேம்ப் வந்து சேர்ந்துவிடலாம். நீர் நிறைந்த குகைக்குள், முக்குளிப்பவரை இழுத்துச்செல்லும் நீரடி ஸ்கூட்டர் நின்றால், வெளியே வரும் ஒவ்வொரு அடிக்கும் காற்று வேண்டும். அதனால்தான் குகை முக்குளிப்பவர்களின் காற்றுக் கணக்கு எனக்கு அவ்வளவு பிடிக்கிறது.

அடிப்படை விதி எளிது: உள்ளே போக மூன்றில் ஒரு பங்கு, திரும்ப ஒரு பங்கு, மீதி ஆபத்துக்கு. நீந்திப் போகிறவருக்கு இது பொருந்தும். ஸ்கூட்டர் வந்ததும் கணக்கு மாறுகிறது. 12 லிட்டர் சிலிண்டர் இரண்டில், 200 பார் அழுத்தத்தில், ஏறக்குறைய 4,800 லிட்டர் காற்று இருக்கும். 20 மீட்டர் ஆழத்தில் நிமிடத்துக்கு 60 லிட்டர் செலவு என்று வைப்போம். முதல் பங்கான 1,600 லிட்டர் தீர்வதற்குள், நிமிடத்துக்கு 45 மீட்டர் ஓடும் ஸ்கூட்டர் 1,200 மீட்டர் உள்ளே கொண்டுபோய்விடும். அங்கே மோட்டார் நின்றால்? நிமிடத்துக்கு 15 மீட்டர் நீந்தி வெளியேற 80 நிமிடம். தேவை 4,800 லிட்டர். கைவசம் இருப்பது 3,200தான்.

ஆகவே தேர்ந்தவர்கள் மோட்டாரின் வேகத்தை நம்பாமல், தம் கால்களின் வேகத்தை வைத்தே திரும்பும் இடத்தை முடிவுசெய்கிறார்கள். மாற்று ஸ்கூட்டரும், வழியில் வைத்துப்போகும் சிலிண்டர்களும் கூடுதல் காப்பு. 2018-ல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில், உள்ளே சிக்கிய சிறுவர்களை மீட்பதற்காகச் சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்பும் வழியில்தான் மீட்புக் குழு முக்குளிப்பவர் சமன் குணன் உயிர்விட்டார். மிச்சம் வைத்துத் திரும்பும் இந்தக் கட்டுப்பாட்டை, துணிச்சலுக்கும் மேலான கலையாகவே மதிக்கிறேன்.