மேரிக்கு எதற்குக் கணவன்?

'மிஸ்ஸியம்மா' (1955) படத்தின் கதையை நகர்த்துவது ஒரு வேலை விளம்பரம். பள்ளிக்கூடம் நடத்தும் ஜமீன்தாருக்கு இரண்டு பட்டதாரி ஆசிரியர்கள் வேண்டும்; அவர்கள் கணவன் மனைவியாக இருக்க வேண்டும். மேரி பட்டதாரி. வீட்டுக் கடன் கழுத்தை நெரிக்கிறது. கடன் கொடுத்தவனோ அவளையே கட்டிக்கொள்ளக் கேட்கிறான். வேலைக்கான தகுதிகளில் அவளிடம் இல்லாதது கணவன் மட்டுமே. வேலை தேடி அலையும் பாலுவைக் கணவன் என்று சொல்லிக்கொண்டு அவள் ஊர் போய்ச் சேர்கிறாள். தாலி இல்லை, மோதிரம் இல்லை, தேவாலயமும் இல்லை. சம்பளத்துக்காக ஒரே பேச்சில் முடிந்த கல்யாணம்!

எல். வி. பிரசாத் இயக்கிய இப்படத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் அந்த விளம்பரத்தின் நிபந்தனையைக் கேள்வி கேட்டதாகத் தெரியவில்லை. ஆனால் திருநெல்வேலிப் பெண்களுக்கு மேரி அந்நியமானவள் அல்லள். சாராள் தக்கர் பெயர் தாங்கிய நிறுவனங்களும் மிஷன் பள்ளிகளும் 19ஆம் நூற்றாண்டிலேயே பாளையங்கோட்டையில் பெண்களை ஆசிரியைகளாக உருவாக்கத் தொடங்கிவிட்டன. படிப்பும் சம்பளமும் பெண்ணுக்குக் கிடைத்தன. ஆனால் தனியாக வாழும் பெண் என்ற நிலையை ஊர் அவ்வளவு எளிதாக ஏற்கவில்லை. நான் விரிவுரையாளராகச் சேர்ந்த புதிதில் வாடகைக்கு வீடு தேடிப் போன இடங்களில் முதலில் வந்த கேள்வி, "சார் எங்க வேல பாக்காவ?" என்பதுதான். என் முனைவர் பட்டத்தைவிட அந்த 'சார்' பெரிய சான்றிதழ்.

படத்தின் உண்மையான சுவை, மனைவியாக இல்லாத மனைவியிடம் இருக்கிறது. மேரி கோபக்காரி. ஊருக்கு முன்னால் மனைவி, கதவைச் சாத்தியபின் சக ஊழியை. ஒரே வீட்டில் இருந்தாலும் எல்லைக்கோட்டைப் போடுபவள் அவள்தான். பாலு பொறுத்துப்போகிறான், அவனுக்கு வேறு வழியில்லை, அவளால்தானே அவனுக்கும் வேலை? பொறுமை மனைவிக்கே உரிய குணம் என்று போதித்துவந்த நம் சினிமாவில், இந்தத் தலைகீழ் ஏற்பாடு பொய்க் கல்யாணத்துக்குள் மட்டுமே சாத்தியமாகிறது. சாவித்திரியின் முகத்தில் சிடுசிடுப்பு இவ்வளவு அழகாக இருந்ததற்கு, அதற்காக அவர் மன்னிப்புக் கேட்க வேண்டியிராததும் ஒரு காரணம்.

ஃபிராங்க் காப்ராவின் 'இட் ஹேப்பண்ட் ஒன் நைட்' (1934) படத்திலும் ஒரு பொய்த் தம்பதி உண்டு. அப்பாவின் விருப்பத்தை மீறி அவசரக் கல்யாணம் செய்துகொண்ட பணக்காரப் பெண் எல்லி, வழியில் ஒரு பத்திரிகையாளனோடு கணவன் மனைவியாக நடித்து அறையெடுத்துத் தங்குகிறாள். நடுவே கட்டிய போர்வைதான் சுவர். கடைசியில் மணமேடையிலிருந்து அவள் தப்பியோட வழிசெய்வதே அவளுடைய அப்பாதான். அங்கே தந்தை மகளைப் போகவிடுகிறார். இங்கே தந்தை மகளைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார். ஆம், மேரிதான் ஜமீன்தாரின் தொலைந்துபோன மூத்த மகள் மகாலட்சுமி. பாலுவோடு கல்யாணம் நடக்கிறது. எல்லோரும் மகிழ்கிறார்கள். மேரி என்ற பெண்ணையும் அவளை வளர்த்த கிறிஸ்தவ வீட்டையும் அவளுடைய வழிபாட்டையும் யாரும் தேடவில்லை.

மத வேறுபாட்டைத் தடை கருதாமல் பதிவுத் திருமணம் செய்துகொள்ள வழிசெய்த சிறப்புத் திருமணச் சட்டம், 1955 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 'மிஸ்ஸியம்மா' வெளியானதும் அதே ஜனவரியில்தான். சட்டம் திறந்த கதவைப் படம் தட்டவே இல்லை. மேரி மேரியாகவே பாலுவைக் கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லும் துணிச்சல் அதற்கு இல்லை. அதனால் அவள் பிறப்பையே மாற்றி எழுதிவிட்டது.

திரைக்கு வெளியே இன்னொரு முரண். படம் வந்தபோது சாவித்திரியும் ஜெமினி கணேசனும் ஏற்கெனவே மணம் முடித்திருந்தார்கள், வெளியே சொல்லவில்லை. திரையில் மனைவியல்லாதவள் மனைவியாக நடித்தாள். வாழ்வில் மனைவியானவர் மனைவியல்லாதவராக நடிக்க வேண்டியிருந்தது. இரண்டு நடிப்பிலும் பாரம் பெண்மேல்தான்.

அம்பாசமுத்திரத்திலிருந்தும் சேரன்மகாதேவியிலிருந்தும் பஸ் பிடித்து வரும் என் மாணவிகளிடம், இந்தப் படத்தோடு அந்தச் சட்டத்தையும் சேர்த்துப் பேசுவேன். அச்சட்டப்படி மணம்செய்ய விரும்புவோரின் அறிவிப்பு, ஆட்சேபம் கேட்டு 30 நாள் அலுவலகத்தில் ஒட்டப்படும். அவசரக் கல்யாணத்தைத் தடுக்கும் நல்லெண்ணம் என்று அதைச் சொல்லலாம். சாதி கடந்த காதலுக்காக 2025இலும் பாளையங்கோட்டையில் ஓர் இளைஞர் உயிர் பறிக்கப்பட்ட பிறகு, அந்த 30 நாளை வெறும் நடைமுறை என்று வாசிக்க எங்களால் முடியவில்லை. அவசரம் எப்போதும் காதலின் விளையாட்டுப் புத்தி அன்று. வீட்டுக்குத் தெரிவதற்குள் முடிந்துவிட வேண்டுமே என்ற உயிர்ப்பயமும் அதற்குள் இருக்கிறது.

இப்படத்தைக் கொண்டாடுவோம், தோழியரே. ஆனால் மகாலட்சுமியின் கல்யாணத்தோடு எழுந்து போய்விட வேண்டாம். கணவன் இல்லாமலே அந்த வேலைக்கு மனுப்போட்டிருக்க வேண்டிய மேரிக்காக இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்போம்.